நீ மட்டும் வா

மங்கையர்க்கரசி கரும்பலகையில் முட்டை முட்டையாக ஒரு வரிசை போட்டாள். அதற்குக் கீழே இன்னொரு வரிசை. ஒவ்வொரு முட்டைக்கும் இரண்டு வால், மேல் வரிசை வாலும் கீழ் வரிசை வாலும் நடுவில் சந்தித்துக்கொள்கிற மாதிரி. செல் சவ்வு. வருஷா வருஷம் ஜூலையில் இதே பலகையில் இதே படம். கை தானாகப் போட்டுவிடும், மனதுக்கு அங்கே வேலை இல்லை, அது பாட்டுக்கு எங்கேயாவது சுற்றிவிட்டு வரும். மற்ற நாட்களில் அது சௌகரியம், இன்றைக்கு உபத்திரவம். சாயந்தரத்துக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிடுங்க மேடம் என்று டாக்டர் ரஹீமா காலையில் போனில் சொல்லியிருந்தாள். ஒரு வார்த்தை. சரி என்பதும் ஒரு வார்த்தைதான், வேண்டாம் என்பதும் ஒரு வார்த்தைதான். அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் படுத்து ரத்தத்தை வெளியே எடுத்து, கழுவி, உள்ளே விட்டுக்கொண்டு உயிரோடு இருக்கிறான். இந்நேரம்கூட அங்கேதான் படுத்திருப்பான். தங்கை ஒன்று கொடுத்தால் எழுந்து நடமாடுவான். தங்கை என்றால் இவள்தான், வேறு ஆள் கிடையாது. "மேம், வால் எதுக்கு மேம் ரெண்டு?" என்று முன்வரிசை முப்பிடாதி கேட்டாள். "கொழுப்பு அமிலம் ரெண்டு சேர்ந்திருக்கு, அதான்" என்று வாய் சொன்னது. தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்குத் தண்ணீர் ஆகாது. அதனால் தலைகள் தண்ணீரைப் பார்த்து நிற்க, வால்கள் உள்ளே ஒண்டிக்கொள்ளும். ஆணி கிடையாது, பசை கிடையாது. வால்களுக்குள் ஒன்றின் மேல் ஒன்றுக்குப் பெரிய பிரியமும் கிடையாது. சுற்றிலும் தண்ணீர் இருக்கிறதே என்கிற பயத்தில் சேர்ந்து கிடக்கின்றன, அவ்வளவுதான். குடும்பம் மாதிரி என்று ஒரு வருஷம் விளையாட்டாகச் சொல்லி வகுப்பே சிரித்தது. இன்றைக்குச் சொல்லவில்லை. சாக்பீஸ் தூள் நாக்கில் கரித்தது.

"மனுஷ செல்லுக்குச் சுவர் கிடையாது. சுவர் செடிக்குத்தான். நமக்கு இருக்கது சவ்வு. போன டெஸ்ட்ல பாதிப் பேரு சுவர்னு எழுதி வச்சிருக்கீங்க." பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மதியச் சாப்பாட்டு வாசனை இன்னும் அறைக்குள் நின்றது, புளிச்சாதம், அவித்த முட்டை, யாருடைய பையிலோ ஊறுகாய் கொட்டியிருக்கிறது. சவ்வு எல்லாவற்றையும் உள்ளே விடாது, எல்லாவற்றையும் தடுக்கவும் செய்யாது. ஆக்ஸிஜன் கேட்காமலே போகும். உப்பு போகாது. சர்க்கரையைக் கூட்டிக்கொண்டு போக ஒரு புரதம் வேண்டும். தண்ணீருக்கென்று தனியாக ஒரு வழி உண்டு, அதுவும் புரதம்தான், தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் போகிற அளவுக்கு ஒடுங்கின வழி. தண்ணீரைத் தவிர வேறெதையும் அது விடாது. இதைச் சொல்லும்போதே அண்ணனின் கை வாசல் கம்பிக் கிராதிக்கு மேலாக நீண்டது. வெண்கலச் செம்பு. அப்பா செத்த அன்று. பக்கத்து வீட்டு அக்கா போன் செய்து சொல்லித்தான் தெரியும், வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டவளுக்கு வீட்டிலிருந்து யாரும் சொல்லவில்லை. மகள் நித்திலாவுக்கு அப்போது மூன்று வயது. இடுப்பில் பிள்ளையோடு டவுனில் பிறந்த வீட்டுத் தெருவுக்குள் நடந்தபோது பந்தல் போட்டாகிவிட்டது. புருஷன் யேசுவடியான் தெருமுனையில் ஒரு சைக்கிள் கடை நிழலில் நின்றுகொண்டான், நான் வந்தா வம்பாயிரும், நீ போயிப் பாத்துட்டு வா என்றான். இவள் கிராதிக் கதவில் கைவைத்தாள். அண்ணன் வந்தான். அண்ணன் கத்தியிருக்கலாம். கத்தியிருந்தால் இத்தனை வருஷம் கழித்து இவளுக்கும் கத்த ஒரு வழி இருந்திருக்கும். அவன் கத்தவில்லை. கதவின் உள்தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, யாருக்கும் கேட்காத குரலில், "பிள்ளய வச்சுக்கிட்டு வெயில்ல நிக்காத மங்க. போயிரு" என்றான். இவள் நகரவில்லை. அவன் உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கிராதிக்கு மேலாக நீட்டினான். பிள்ளைக்குத் தாகமாயிருக்கும் என்றான். பிள்ளை குடித்தது. மடக் மடக்கென்று குடித்தது, சனியன், கழுத்தெல்லாம் நனைய. அவன் செம்பை வாங்கிக்கொண்டான். உள்ளே அப்பாவின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தது மட்டும் ஆட்களின் முழங்காலுக்கு நடுவே தெரிந்தது. தண்ணீர் மட்டும் போகலாம். ச்சே. பாடத்தைக் கொண்டுபோய் வாழ்க்கையில் ஒட்டுவது, வாழ்க்கையைக் கொண்டுவந்து பாடத்தில் ஒட்டுவது, இரண்டும் சோம்பேறித்தனம். மூலக்கூறுக்கு மானம் கிடையாது, அவமானமும் கிடையாது. "எழுதிக்கோங்க" என்றாள். அப்பா செத்ததற்கு மறுநாள் சந்திப்பிள்ளையார் முக்கில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி பார்த்தாள். அப்பா படம், பூ, இங்ஙனம் மகன் சிதம்பரநாதன், மருமகள் கோமதி. மகள் என்று ஒரு வரி இல்லை. பசை இன்னும் ஈரமாக இருந்தது.

அந்தக் கோமதி மதினிதான் போன மாதம் கல்லூரிக்கு வந்தாள். ஆசிரியர் அறை வாசலில் ஒரு பை மாம்பழத்தோடு நின்றவளை இவளுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. முடி கொட்டி, கழுத்து ஒட்டி, கண்ணுக்குக் கீழே கறுத்து. உட்காரச் சொன்னதும் உட்கார்ந்து, தண்ணீர் கொடுத்ததும் குடித்தாள். அதைக்கூட இவள் கவனித்தாள், பார், என் கையால் தண்ணீர் குடிக்கிறாள், அவ்வளவு தூரத்துக்கு வந்துவிட்டது நிலைமை என்று. அப்படிக் கவனித்த தன்னை இவளுக்குப் பிடிக்கவில்லை. "அவுக கேக்கச் சொல்லல. நானாத்தான் வந்தேன்" என்றாள் மதினி. "எனக்குச் சக்கரை இருக்கு, எங்கிட்ட எடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. பையன்கிட்ட எடுக்க அவுக சம்மதிக்க மாட்டேங்காக, நேத்துப் பொறந்தவன், அவன் உடம்புல கத்தி வைக்கவான்னு கத்துதாக. செத்தவுக கிட்டயிருந்து எடுத்துக் குடுக்கதுக்குப் பேரு பதிஞ்சிருக்கு. வரிசை எப்பம் வருமோ." மதினி அழவில்லை. அழுதிருந்தால் இவள் எழுந்துபோயிருப்பாள். டெஸ்ட் மட்டும் எடுத்துப் பார்க்கிறேன் என்று இவள் சொன்னதும் மதினி இவள் கையைப் பிடித்துக்கொண்டாள், ஈரமான, குளிர்ந்த கை. வாசல் வரை போனவள் திரும்பி வந்து, ஏதோ பெரிய பரிசு கொடுக்கிறவள் மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "எல்லாம் நல்லபடியா முடியட்டும் மங்க. ஒரு நாள் வீட்டுக்கு வந்து சாப்ட்டுட்டுப் போ. அவுககிட்ட நான் பேசிக்கிடுதேன். நீ மட்டும் வா." நீ மட்டும் வா. அந்த வார்த்தை அன்று ராத்திரி சாதம் பிசையும்போது வந்தது. பேப்பர் திருத்தும்போது வந்தது. யேசுவடியான் பக்கத்தில் படுத்துக் குறட்டை விடும்போது அவன் முதுகின் மேலேயே வந்து உட்கார்ந்தது. ஒரு சிறுநீரகத்துக்கு விலை ஒரு வேளைச் சோறு, அதுவும் ஒற்றை இலை. மட்டும் என்கிற சொல்லைத் தனியாக எடுத்து வைத்துப் பார்த்தால் அதில் ஒன்றும் இல்லை, நாலு எழுத்துதான். ஆனால் அது தொண்டையில் மாட்டிக்கொண்ட மீன்முள் மாதிரி, சோற்று உருண்டை விழுங்கினாலும் போகவில்லை, வாழைப்பழம் விழுங்கினாலும் போகவில்லை.

"மேம், இந்தப் புரதம் எல்லாம் ஒரே இடத்துல நிக்குமா மேம், நகருமா?" இது ஷைனி, கேள்வி கேட்டால் வருகைப்பதிவு பயம் போய்விடும் என்று நம்புகிறவள். நகரும். எண்ணெயில் மிதக்கிற கடுகு மாதிரி நகரும் என்று சொல்லி, எலிச் செல்லையும் மனிதச் செல்லையும் ஒட்டவைத்த அந்தப் பழைய சோதனையைச் சொன்னாள். முதலில் பாதிப் பக்கம் எலிப் புரதம், பாதிப் பக்கம் மனிதப் புரதம். உடம்புச் சூட்டில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் எல்லாம் கலந்துவிடும், எது எங்கிருந்து வந்தது என்று பிரிக்க முடியாது. குளிரில் வைத்தால் கலக்காது, அது பாட்டுக்கு அந்தந்தப் பக்கமே நிற்கும். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். யேசுவடியானைக் கல்யாணம் செய்த புதிதில் இந்தப் பாடத்தை நடத்தும்போதெல்லாம் இவளுக்குள் ஒரு சிரிப்பு ஓடும். இப்போது எந்தச் சிரிப்பும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே தோட்டக்காரர் குழாயை மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் அடையாளப் புரதங்கள். இதைத்தான் இந்த வருஷம் தள்ளிப்போட முடியுமா என்று பார்த்தாள், முடியவில்லை, பாடத்திட்டத்தில் அடுத்தது அதுதான். உடம்பில் கிட்டத்தட்ட ஒவ்வொரு செல்லும் தன் மேற்பரப்பில் சில புரதங்களை வெளியே நீட்டி வைத்திருக்கிறது. நான் இந்த உடம்பைச் சேர்ந்தவன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. காவல் செல்கள் வந்து தடவிப் பார்த்துவிட்டுப் போகும். நம்ம ஆள் என்றால் விட்டுவிடும். இல்லையென்றால் கொன்றுவிடும். "அம்மாகிட்டயிருந்து பாதி, அப்பாகிட்டயிருந்து பாதி. கூடப் பிறந்தவங்களுக்குள்ள ரெண்டு பாதியும் ஒண்ணுபோல அமையறது நாலுல ஒரு வாய்ப்பு. அப்படி அமைஞ்சா…" அங்கே நின்றுவிட்டாள். வகுப்பு நிமிர்ந்து பார்த்தது. அப்படி அமைந்தால் அவன் உடம்பு இவளைத் தன்னுடையது என்று எடுத்துக்கொள்ளும். அமைந்திருந்தது. டாக்டர் ரஹீமாவின் அறையில் போன வாரம். "எல்லாம் பொருந்தியிருக்கு மேடம். ஒண்ணு விடாம. இப்படி வர்றது அதிர்ஷ்டம்." அவன் ரத்த நீரில் இவள் செல்களைப் போட்டுப் பார்த்தார்களாம். எதிர்ப்பு இல்லை, துளிகூட இல்லை. அப்போது இவளுக்கு வந்தது சந்தோஷம். வெட்கங்கெட்ட சந்தோஷம். பரீட்சையில் முதலாவது வந்த பிள்ளை மாதிரி, உடனே டவுனுக்கு ஓடி அந்தக் கிராதியை உலுக்கி, கேட்டியா, உன் ரத்தத்துக்கே தெரியுது நான் யாருன்னு, உனக்குத்தான் தெரியல என்று சொல்ல வேண்டும் போல. அந்தச் சந்தோஷம் ஆஸ்பத்திரிப் படி இறங்கி முடிவதற்குள் புளித்துவிட்டது. பிறப்பிலேயே இருந்ததை இன்றைக்குச் சோதித்துச் சொன்னதற்கு என்ன குதிப்பு. அப்பா செத்த அன்றும் அதே புரதங்கள்தான் இவள் மேல் இருந்தன. கிராதிக்கு அவற்றைப் படிக்கத் தெரியவில்லை.

"அமைஞ்சா உறுப்பு மாத்திவைக்கறது சுலபம்" என்று முடித்தாள். "மேம், இது அஞ்சு மார்க்கா, பத்து மார்க்கா?" பத்து என்றாள். பேனாக்கள் வேகமாயின. கணுக்காலில் அரித்தது, பழைய தழும்பு. குனிந்து சொறிய முடியாது, பிள்ளைகள் பார்ப்பார்கள், மற்றக் காலின் செருப்பால் தேய்த்துக்கொண்டாள். ஆறாம் வகுப்புப் படிக்கும்போது அண்ணனின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போகையில் கால் சக்கரக் கம்பிக்குள் போய்விட்டது. சைக்கிளை அப்படியே ரோட்டில் போட்டுவிட்டு இவளைத் தூக்கிக்கொண்டு ஓடினான். செருப்பில்லாமல், தார் ரோட்டில், மே மாதம். தையல் போடும்போது இவள் அழவில்லை, அவன்தான் அழுதான், கம்பவுண்டர் திட்டி வெளியே அனுப்பினார். அந்த அண்ணன் எங்கே போனான் என்பது கேள்வியில்லை. அவன் எங்கேயும் போகவில்லை, அதுதான் கொடுமை. அதே ஆள்தான் செம்பை நீட்டினான். ஒரே உள்ளங்கை. ரத்தம் எடுக்கப் போன அன்று ஆஸ்பத்திரி நடையில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தான், முகம் ஊதி, கால் ஊதி, இடது கையில் ஊசி குத்திக் குத்தி நரம்பு கயிறு மாதிரி புடைத்து. பக்கத்தில் போனபோது அவன் மூச்சில் ஒரு அமோனியா வாடை. இவள் பின்னுக்கு நகர்ந்தாள், நகர்ந்தது தெரியாமல் இருக்கக் கைப்பையைத் துழாவினாள். "சாப்ட்டியா?" என்றான். "ம்." "பிள்ள என்ன படிக்கா?" "கோயம்புத்தூர்ல. ஆர்க்கிடெக்சர்." "நல்லது" என்றான். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிள்ளைக்குப் பெயர் என்ன என்று கேட்கவில்லை. யேசுவடியான் பத்தடி தள்ளி வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். அவனைத் தாண்டி அந்தப் பக்கச் சுவரில் இருந்த தீயணைப்பு வாளியை அண்ணன் பார்த்தான். அவ்வளவு நோவிலும் அந்தப் பார்வை வழிமாறிப் போகத் தெரிந்து வைத்திருந்தது.

இனி பம்ப். சவ்வில் இருக்கிற புரதங்களிலேயே அதிகம் பாடுபடுவது அது. மூன்று சோடியத்தை வெளியே தள்ளும், இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும், திரும்ப மூன்றைத் தள்ளும். ராத்திரி பகல் கிடையாது. நாம் சும்மா படுத்திருந்தாலும் சாப்பிட்ட சோற்றில் கால் பங்கு இந்த வேலைக்கே போய்விடும். "எதுக்கு மேம் இவ்வளவு கஷ்டப்படுது?" "வெளிய தள்ளினது மறுபடி உள்ள கசிஞ்சு வந்துக்கிட்டே இருக்கும்லா. பம்ப் நின்னா செல் ஊதி வெடிச்சிரும்." சொல்லிவிட்டு இவள் நாற்காலியில் உட்கார்ந்தாள், வகுப்பில் உட்காருகிற வழக்கம் இல்லை. முதுகுக்குப் பின்னால், இடுப்புக்கு மேலே, இடது பக்கம் ஒரு இடம் வலிப்பது மாதிரி இருந்தது. எடுத்தால் இடதுதான் எடுப்பார்களாம். பயம். இதைச் சொல்லியே ஆகவேண்டும், யாரிடமும் இல்லை, தன்னிடமாவது. கிராதி, சுவரொட்டி, நீ மட்டும் வா எல்லாவற்றையும் எடுத்து ஓரமாக வைத்துவிட்டால் அடியில் பயம் மட்டும்தான் கிடக்கிறதா? மயக்கம் கொடுத்து எழும்பாமல் போனால். மிச்சம் இருக்கிற ஒன்றும் ஒரு நாள் போனால். அம்பது வயதை நெருங்குகிற பொம்பளை, கொஞ்சம் ரத்தக்கொதிப்பு எட்டிப்பார்க்கிறது, டாக்டர் பரவாயில்லை என்கிறாள், பரவாயில்லை என்றால் என்ன அர்த்தம். பயந்தவள் தன் பயத்துக்கு மானம் என்று சட்டை தைத்துப் போட்டிருக்கிறாளோ. அல்லது மானம்தான் பயம் மாதிரி நடிக்கிறதோ. எது எது என்று பிரிக்கமுடியவில்லை. யேசுவடியானிடம் கேட்டாள். "உன் உடம்பு, உன் அண்ணன். நான் எதச் சொன்னாலும் நாளைக்கு அது தப்பாப் போயிரும். நீ என்ன முடிவெடுத்தாலும் நான் கூட இருப்பேன்" என்றான். நல்ல மனுஷன். அந்த நல்லதனத்தைத் தூக்கித் தரையில் அடிக்க வேண்டும் போலிருந்தது. கொடுக்காதே என்று ஒரு தடவை சொன்னால் என்ன. சைக்கிள் கடை நிழலில் நின்றவன் நான்தான், எனக்கு மறக்கவில்லை என்று ஒரு தடவை. நித்திலா போனில் கேட்டது அதைவிட மோசம். கோபமே இல்லாமல், முகவரி விசாரிப்பவள் மாதிரி, "யாரும்மா அவரு?" என்றாள். குடித்த தண்ணீர் அவளுக்கு ஞாபகம் இல்லை.

கொடுத்தால் என்ன ஆகும் என்று இவள் படம்படமாகப் போட்டுப் பார்த்தாள். அண்ணன் பிழைப்பான். கன்னத்தில் சதை வைக்கும். டவுனில் நாலு பேர் தங்கச்சி குடுத்தா என்பார்கள், என்ன இருந்தாலும் கூடப் பிறந்தவ என்பார்கள், அந்த என்ன இருந்தாலும் என்பதற்குள் யேசுவடியானையும் நித்திலாவையும் போட்டு மூடிவிடுவார்கள். இவள் ஒரு நாள் அந்த வீட்டுக்குள் போவாள். இலை போடுவார்கள். தெருமுனையில் இப்போது சைக்கிள் கடை இல்லை, செல்போன் கடை இருக்கிறது, யேசுவடியான் அதன் நிழலில் நிற்பான், கேட்டால் எனக்குப் பசிக்கல என்பான். அப்புறம் ஒவ்வொரு நாளும், இவள் இங்கே பாளையங்கோட்டையில் சமையல் செய்துகொண்டிருக்கும்போது, இவள் சதையில் ஒரு கைப்பிடி அந்த வீட்டுக்குள் அண்ணனோடு உட்கார்ந்திருக்கும், பூஜையறைக்குள் போகும், கல்யாணங்களுக்குப் போகும், இவளைக் கூப்பிடாத எல்லாவற்றுக்கும் போகும். சதைக்கு அனுமதி உண்டு. ஆளுக்கு இல்லை. கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்கிற படத்தையும் போட்டுப் பார்த்தாள். அது சின்னப் படம். சந்திப்பிள்ளையார் முக்கில் ஒரு சுவரொட்டி. அதில் இவள் பெயர் இருக்காது. அந்தப் படத்தில் கோமதி மதினியின் ஈரக் கை இருந்தது, நேற்றுப் பிறந்தவன் என்று அண்ணன் கத்திக் காப்பாற்றும் மகன் இருந்தான். அதை இவள் ரொம்ப நேரம் பார்க்கவில்லை. டாக்டர் ரஹீமா நல்லவள். பொருந்தியிருக்கு என்று சொன்ன அன்றே, கதவைச் சாத்திவிட்டு, "இன்னொண்ணும் சொல்லணும் மேடம். உங்களுக்கு இஷ்டமில்லன்னா எங்கிட்ட மட்டும் சொல்லுங்க. பொருந்தலன்னு அவங்ககிட்ட சொல்லிடுவோம். குடுக்கறவங்களைக் காப்பாத்த இப்படிச் சொல்றது உண்டு. யாருக்கும் தெரியாது" என்றாள். வழக்கமாகச் சொல்லுகிற பொய். இஸ்திரி போட்டு மடித்து வைத்த புடவை மாதிரி தயாராக இருந்தது, இவள் உடுத்திக்கொண்டால் போதும். மணி அடித்தது. பிள்ளைகள் எழுந்தார்கள், பெஞ்சுகள் கிரீச்சிட்டன, முப்பிடாதி பலகையை அழிக்கட்டுமா மேம் என்றாள். அழி என்றாள். முட்டைகள் ஒரு பக்கமாகக் கரைந்து வெள்ளைப் புகையாயின.

வராந்தாக் கோடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. சரி சொல்லத்தான் போனை எடுத்தோம் என்று இவள் நினைத்திருந்தாள், நம்பரைத் தேடும்போதுகூட. ரஹீமா எடுத்து, "சொல்லுங்க மேடம்" என்றதும் வாயிலிருந்து வந்தது, "வேண்டாம் டாக்டர்." தன் குரல் இவ்வளவு சாதாரணமாக இருக்குமென்று இவள் எதிர்பார்க்கவில்லை, காய்கறிக்காரனிடம் கத்திரிக்காய் வேண்டாம் என்று சொல்கிற மாதிரி இருந்தது. "நல்லா யோசிச்சுட்டீங்களா?" "யோசிச்சுட்டேன்." "சரி. இன்னிக்கு அவர் இங்கதான் டயாலிசிஸ்ல இருக்கார். ரவுண்ட்ஸ் போறப்ப நானே சொல்லிடறேன். நீங்க எதுவும் பேச வேண்டாம். மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க." கைகழுவ வந்த இரண்டு பிள்ளைகள் குட் ஈவினிங் மேம் என்றார்கள். குட் ஈவினிங் என்றாள். அழுகை வரும் என்று காத்துநின்றாள், வரவில்லை. லேசாகிவிடும் என்று பார்த்தாள், லேசாகவும் இல்லை. பசித்தது. பசிக்கிறதே என்று கேவலமாக இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். நடக்கையில் கொலைகாரி என்று ஒரு குரல் சொல்லிப் பார்த்தது, அது பொருந்தவில்லை. தப்பித்தாய் என்று இன்னொன்று சொல்லிப் பார்த்தது, அதுவும் பொருந்தவில்லை. வரிசையில் பெயர் இருக்கிறது, யாராவது எங்கேயாவது செத்துப்போய்க் கொடுப்பார்கள், அவனுக்குக் கிடைக்கும். வேறொரு வீட்டுச் சாவுக்குக் காத்திருக்கிறது இனி தன் நிம்மதி என்று புரிந்தபோது பஸ் வந்தது.

ஜன்னலோரம் இடம் கிடைத்து டிக்கெட் வாங்கிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. கோமதி மதினி என்று காட்டியது. எடுக்காமல் விட்டாள். நின்றது. மறுபடி அடித்தது. எடுத்தாள்.

"மங்க." மதினி இல்லை, அண்ணன். பின்னால் ஏதோ மெஷின் விட்டுவிட்டு ஊதிக்கொண்டிருந்தது.

"ம்."

"டாக்டரம்மா இப்பம்தான் சொல்லிட்டுப் போறாக. சேரலையாம்."

பஸ் திரும்பியது. முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ ஒண்ணும் மனசுல வச்சுக்கிடாத" என்றான். மூச்சு வாங்கி வாங்கிப் பேசினான். கோபமே இல்லை. காய்ச்சலில் கிடக்கிறவளுக்குச் சமாதானம் சொல்கிற குரல், தார் ரோட்டில் தூக்கிக்கொண்டு ஓடியபோது காதுக்குப் பக்கத்தில் கேட்ட குரல். "ஒம் மேல ஒரு தப்பும் இல்ல. எனக்கு அப்பமே தெரியும். கோமதிகிட்டச் சொன்னேன், வீணா அவள அலையவைக்காதன்னு. எப்படிச் சேரும் சொல்லு. நீ அங்க போயி எத்தன வருசம் ஆயிப்போச்சு. அவங்க வீட்டுச் சோறு, அவங்க வீட்டுத் தண்ணி, அங்க ஒரு பிள்ளையும் பெத்தாச்சு. ஒடம்பு மாறத்தான செய்யும். ரத்தம்னு ஒண்ணு இருக்குல்லா."

சொல்லிவிட்டு இளைப்பாறினான். இவளை மன்னித்துவிட்ட நிம்மதி அந்த மூச்சில் இருந்தது. இவள் ம் என்று சொல்லியிருந்தால் போதும். ரஹீமாவின் பொய் இவளைப் பத்திரமாக மூடியிருந்தது, அவனையும் மூடியிருந்தது, ஆயுசுக்கும் அப்படியே இருந்திருக்கும். நல்லா இருண்ணே, மருந்த ஒழுங்காச் சாப்பிடு என்று வைத்திருக்கலாம். ஒடம்பு மாறத்தான செய்யும். இவளுக்குக் காதுமடல் சுட்டது. கண்டக்டர் பக்கத்து ஆளிடம் சில்லறை கேட்டுக்கொண்டிருந்தார்.

"சேந்துச்சுண்ணே."

"என்னது?"

"எல்லாம் சேந்துச்சு. ஒண்ணு விடாம சேந்துச்சு. அம்மாவோட பாதி, அப்பாவோட பாதி, ஒனக்கு இருக்க மாதிரியே எனக்கும் இருக்கு. எதுவும் மாறல." குரல் வகுப்பில் சொல்வது போலத்தான் வந்தது. "நான்தான் வேண்டாம்னு சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் மெஷின் மட்டும் கேட்டது. அப்புறம் நாற்காலி ஒன்று நகரும் சத்தம். மதினியின் குரல், கிட்டத்தில், "என்ன சொல்லுதா?"

அண்ணன் எச்சில் விழுங்குவது இவளுக்குக் கேட்டது.

"ஒண்ணுமில்ல" என்றான், போனைக் கையால் சரியாகப் பொத்தாமல், மதினியிடம். "சேரலன்னுதான் அவளும் சொல்லுதா."